ரஹமத்தின் கோழிகளும் என் குஞ்சுகளும்

என் பொண்டாட்டி ரஹமத்தைப் பற்றி யார் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்வேன். சொல்லித்தான் ஆக வேண்டும். செஞ்சியில், எங்கள் தெருவில், அவளைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசிவிட்டு நான் டீக்கடையில் போய் நிம்மதியாக உட்கார முடியாது. ஆனால் எனக்கு வயிற்றெரிச்சல். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கட்டிய பொண்டாட்டி மேல், அதுவும் கோழி விஷயத்தில், எனக்குப் பொறாமை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

நான் சாந்த் பாஷா. பெங்களூரில் குஷன் வேலை செய்தவன். சோபா தைப்பது, கார் சீட்டுக்கு உறை போடுவது. கல்யாணமான புதிதில் போனவன், ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் வந்து தலையைக் காட்டுவேன். இனிமேல் தரையில் குந்தி வேலை செய்தால் முட்டி போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகு, போன வருஷம்தான் ஒரேயடியாக வீடு வந்து சேர்ந்தேன். வந்து பார்த்தால் வீட்டில் எல்லாம் அவள் பேச்சுக்குத்தான் அசைகிறது. சிலிண்டர் போடுகிறவன்கூட அவள் பெயரைச் சொல்லித்தான் கதவைத் தட்டுகிறான். சென்னையில் இருக்கும் மகன் சர்ஃபராஸ் எனக்குப் போன் செய்தால், "அத்தா, நல்லா இருக்கீங்களா? அம்மாகிட்ட குடுங்க" என்பான். எனக்கென்று பேச அவனிடம் வேறு ஒன்றும் இருக்காது.

அவள் சும்மா உட்கார்ந்து பெயர் வாங்கவில்லை, அது எனக்கும் தெரியும். நான் பெங்களூர் போன முதல் வருஷம், வல்லத்தில் இருந்த அவளுடைய சின்னம்மாவிடம் ஒரு பெட்டைக்கோழியை வாரத்துக்கு வாங்கி வந்தாள். வாரம் என்றால், கோழி அவர்களுடையது, வளர்ப்பு இவளுடையது, பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. அந்த ஒற்றைப் பெட்டையில் ஆரம்பித்தவள் இன்றைக்குத் தெருவில் பாதிப் பெண்களுக்கு வாரத்துக்குக் கோழி விடுகிறாள். எவள் வீட்டுக் கோழி தலையைத் தொங்கப் போட்டாலும் மடியில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்குத்தான் வருவாள். மகள் மிஸ்பா படித்தது பாதி என் சம்பளத்தில், பாதி அவள் விற்ற முட்டையில். ஊர் பேசுவது முட்டையைத்தான். நான் வளைந்து வளைந்து தைத்த சோபாவை யார் பார்த்தார்கள்?

பொழுது சாயும்போது பின்கதவைத் திறந்து "பா... பா... பா..." என்பாள். புளியமரத்தடி, சாக்கடையோரம், பக்கத்து வீட்டு அமலாவின் மாட்டுக்கொட்டகை என்று எங்கெங்கோ மேய்வதெல்லாம் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவரும். நானும் ஒருநாள் அவள் போடுகிற அதே அரிசி நொய்யைக் கையில் அள்ளிக்கொண்டு அதே "பா பா" சொல்லிப் பார்த்தேன். சேவல் மட்டும் தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு குப்பையைக் கிளறப் போய்விட்டது. வீட்டு ஆம்பளைக்கு அந்த வீட்டுச் சேவல் கொடுக்கிற மரியாதை அவ்வளவுதான்!

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் குரலுக்கு ஓடிவர இந்த வீட்டில் ஒரு ஜீவனாவது வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய், அவளிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், எட்டு நாட்டுக்கோழிக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்கி வந்தேன்.

ரஹமத் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "தாயில்லாத குஞ்சுங்களா? சூட்டுக்கு இன்னா பண்ணுவீங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும். இது என்னோடது. நீ கை வைக்காத."

"நான் எதுக்குக் கை வைக்கறேன்?" என்று போய்விட்டாள்.

பெட்டிக்கு மேலே பல்பு தொங்கவிட்டேன். பளிச்சென்று நல்ல வெளிச்சம். காலையில் பார்த்தால் குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டிருந்தன. ரஹமத் பல்பைத் தொட்டுப் பார்த்தாள். "எல்இடில இன்னாங்க சூடு வரும்? குண்டு பல்பு வாங்கினு வாங்க" என்றாள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்காமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாளே, அதுதான் எனக்கு எரிந்தது. கடைவீதி முழுக்க அலைந்து ஒரு குண்டு பல்பைத் தேடிப் பிடித்தேன்.

எட்டில் ஒன்றுகூடச் சாகவில்லை. நாக்கைச் சுழற்றி "டுர்ர்ர்" என்று ஒரு சத்தம் கொடுப்பேன். எட்டும் என் கைக்கு ஓடிவரும். லுங்கி மடிப்புக்குள் புகுந்து தூங்கும். நான் எழுந்து நடந்தால் பின்னாலேயே வரிசையாக வரும். அமலா மதில் மேலாக எட்டிப் பார்த்து, "இன்னா பாய், பிரசவம் பார்த்த மாதிரி காபந்து பண்றீங்க!" என்று கிண்டல் செய்தாள். பண்ணட்டும். ரஹமத் பார்க்கிற நேரமாகப் பார்த்து இரண்டு தடவை கூடுதலாகவே டுர்ர்ர் என்பேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பாள். அந்த நாட்களில் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

இறக்கை முளைத்து, பெட்டியை விட்டு எகிற ஆரம்பித்ததும் ஒரு மத்தியானம் பின்பக்கம் திறந்துவிட்டேன். கருப்பி என்று ஒரு கிழட்டுப் பெட்டை. அதுதான் அந்தக் கூட்டத்துக்குத் தாசில்தார். கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வந்தது பாருங்கள்! ஒரு குஞ்சைத் துரத்தித் துரத்திக் கொத்தியது. அது போதும் என்று நகர்ந்தால் அடுத்த கோழி வந்தது.

"எடுத்த எடுப்புல கலந்தா ஏத்துக்காதுங்க. ஒரு வாரம் மூங்கில் கூடையில கவுத்து வையுங்க, பாத்துப் பாத்துப் பழகட்டும். அப்பால கோழிங்க அடைஞ்ச பொறவு கூண்டுல விட்டுடலாம். காலையில எல்லாம் ஒண்ணா எழுந்துக்கும்" என்றாள் ரஹமத்.

அதுவரைக்கும் சரி. அடுத்து ஒன்று சொன்னாள்.

"அப்புறம் நீங்க தனியா கூப்டு தனியா தீனி போடாதீங்க. நான் கூப்புடறப்போ எல்லாத்தோடயும் வந்து தின்னட்டும்."

"ஏன், என் குரலுக்கு வந்தா உனக்கு இன்னா கஷ்டம்?"

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. தனியா தின்னா தனியாதான் நிக்கும். தனியா நின்னா கொத்துதான் வாங்கும்."

பொறாமைக்காரி, என் குஞ்சுகளையும் வளைத்துப்போடப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். கூடையில் கவிழ்த்தேன், கூண்டிலும் விட்டேன். ஆனால் காலையில் கூண்டு திறந்ததும் டுர்ர்ர் என்று என் குஞ்சுகளை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய் ஊறவைத்த கம்பைப் போட்டேன். மற்றக் கோழிகள் சும்மா இருக்குமா? நாலாம் நாள் கருப்பி பாய்ந்து வந்தது. என் முட்டியோடு நான் எழுந்து நிற்பதற்குள் ஒரு குஞ்சின் உச்சந்தலையைத் தோல் உரியக் கொத்திவிட்டது. லுங்கியெல்லாம் ரத்தம்.

ரஹமத் வந்து குஞ்சை வாங்கிக்கொண்டாள். மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவினாள். நான் சொன்னேனா இல்லையா என்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அன்றோடு நான் டுர்ர்ர் சொல்வதை விட்டேன்.

அவள் "பா... பா..." என்றாள். முதல் இரண்டு நாள் என் குஞ்சுகள் என் முகத்தைத்தான் பார்த்தன. நான் மதில் பக்கம் திரும்பி, ராஜகிரி மலையை இதுவரை பார்க்காதவன் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் ஒன்று போனது. அப்புறம் எல்லாம் போயின. கருப்பிக்குப் பக்கத்திலேயே நின்று தின்றன. அது ஒரு கொத்துக்கூடக் கொத்தவில்லை. பிழைத்துக்கொண்டன என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். பட்டேன். ஆனால் என்னைத் தாண்டி என் காலில் இடித்துக்கொண்டு அவளிடம் ஓடும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த மாசம் மிஸ்பாவுக்குப் பிரசவம் என்று ரஹமத் திண்டிவனம் போனாள். பஸ் ஏற்றிவிட்டு வரும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அவள் திரும்பி வருவதற்குள் மொத்தக் கூட்டத்தையும் என் பக்கம் இழுத்துவிடலாம்.

அன்று சாயங்காலமே தெருநாய் ஒன்று பின்பக்கம் புகுந்துவிட்டது. கோழிகள் அலறிக்கொண்டு மதிலைத் தாண்டிப் பின்னாலிருக்கும் முள்காட்டுக்குள் போய்விட்டன. என் குஞ்சுகளும்தான். நாயைத் துரத்தினேன். ஆனால் முள்ளுக்குள் என்னால் போக முடியாது. அங்கே கீரி உண்டு. இருட்டிக்கொண்டு வந்தது. நொய்யை வைத்துக்கொண்டு டுர்ர்ர் என்றேன். தொண்டை வறளும்வரை கத்தினேன். முள்ளுக்குள் கொக்கொக் என்று சத்தம் கேட்கிறது. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"ரஹமத் அக்காவுக்குப் போன் போடுங்க பாய்" என்றாள் அமலா.

"போன்ல இருந்து அவ வந்து பிடிப்பாளா?" என்று எரிந்து விழுந்தேன். முள்ளுக்குள் ஒரு குஞ்சு கீச்சென்று கத்தியது. போன் போட்டேன்.

"ஸ்பீக்கர்ல போட்டு மதில் மேல தூக்கிப் புடிங்க" என்றாள் ரஹமத்.

பிடித்தேன். திண்டிவனம் ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்து "பா... பா... பா..." என்றாள். கருப்பி தலையை நீட்டியது. பின்னாலேயே எல்லாம் வந்தன. மதிலேறிக் குதித்து என் காலைச் சுற்றி நின்றுகொண்டு கையிலிருந்த போனை அண்ணாந்து பார்த்தன. உச்சியில் தழும்பு உள்ளதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது.

"வந்துதுங்களா?"

"வந்துது. எல்லாம் என் காலண்டதான் நிக்குது."

"சரி. போனைக் கூண்டுக்குள்ள வையுங்க. இல்லனா ஏறாதுங்க."

வைத்தேன். அவள் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொன்றாக உள்ளே ஏறின. நான் வெளியே கையில் நொய்யோடு நின்றேன். இருபத்தைந்து வருஷம் ஊசி பிடித்த கை. ஒரு கோழிக்குஞ்சுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. போன் உள்ளேயே கிடக்கட்டும், பேசிக்கொண்டே இருக்கட்டும் என்று கதவைச் சாத்தப் போனேன்.

"ஏங்க" என்று கூண்டுக்குள்ளிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, எங்க போய்ட்டீங்க? பொண்ணு பொறந்திருக்குது. முதல்ல உங்களுக்குத்தான் சொல்லணும்னு யாருக்கும் சொல்லாம வெச்சிருக்கேன். வாங்க இங்க."

நொய்யைக் கீழே கொட்டினேன். அந்த முட்டியைப் போட்டு மண்டியிட்டு, கருப்பியை ஒருபக்கம் தள்ளிவிட்டு, தலையைக் கூண்டுக்குள் நுழைத்தேன்.

"வந்துட்டேன், சொல்லு" என்றேன்.