ஏழில் ஒன்றை விழுங்கியவர்

அதிகம் பேருக்குத் தெரியாத ஓர் ஐரோப்பிய இசையமைப்பாளர், நம் காலத்தவர், பியானோவுக்கு ஐந்து சொனாட்டாக்கள் எழுதியிருக்கிறார். திருச்சியில் அவற்றைக் கேட்டவன் நான் ஒருவன்தான் என்ற திமிர் எனக்கு உண்டு. ஞாயிறு காலைகளில் காட்டூரில் என் வீட்டு ஹாலில் நாலைந்து பேரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவேன்.

அன்று மூன்றாவது சொனாட்டா. இரண்டு பேர் வாசித்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டேன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருக்கும் ஒருவர், ஸ்ரீரங்கத்துக் கச்சேரிகளில் உட்கார்ந்து பழகியவர், தொடையில் தாளம் போட்டபடியே கேட்டார். முடிந்ததும், "நடுவுல ஒரு எடத்துல, முதல்ல வாசிச்சவரு ஏழுல ஒண்ண முழுங்கிடறாரு சார்" என்றார்.

"இது பஜனை இல்லைங்க. கைய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு, அச்சிட்ட இசைக்குறிப்பை வரவழைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் தாளம் ஏழு எண்ணிக்கைதான். முதல் கலைஞர் ஆறுதான் வாசிக்கிறார். பத்து வருஷமாக அந்தப் பதிவைத்தான் உசத்தி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த ஞாயிறே அதை என் கண்டுபிடிப்பாகச் சொன்னேன். ஃபிட்டர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தேதான் சொன்னேன். தொடையில் தட்டியும் காட்டினேன். "அபாரம் சார்!" என்றார்கள்.

"நல்லா சொன்னீங்க சார்" என்றார் ஃபிட்டர். அவர் கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன.