உச்சிமாகாளியின் இடக்கை

நம்ப முடியாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது. 1986-இல், சங்கரன்கோவிலில், ஆடித்தபசுக்கு மறுநாள் ராத்திரி. கூட்டமாக நின்று பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். மைக்செட் இப்ராஹீம் இன்றைக்கும் இதைச் சொல்லி முடித்தால் விளக்கை அணைக்க விடமாட்டான்.

உச்சிமாகாளி அங்கிருந்த மெல்லிசைக் குழுவின் கிட்டார்காரன். தூத்துக்குடி கப்பல்காரர்களிடம் கேசட் வாங்கிக் கேட்டுக் கேட்டு, பங்க் ஸ்டைல் என்று தலைமுடியை ஆணி ஆணியாக நிறுத்திக்கொண்டு, சட்டை முழுக்க ஊக்குக் குத்தித் திரிந்தவன். ஊரே கேலி பேசியது. அவன் இடக்கையால் ஸ்கா என்கிற ஜமைக்கா இசையை வாசித்தால் அதே ஊர் எழுந்து ஆடியது. தாளத்தில் விழாமல், இரண்டு தட்டுக்கு நடுவே வந்து விழும் அந்த அடி. சக்... சக்... குழுவின் தலைவரும் பாடகருமான துரைப்பாண்டிக்கு அந்தக் கைதட்டலைக் கேட்டாலே வயிற்றெரிச்சல்.

முந்தின வருடம் குருவிகுளம் கோவில் கொடையில் மழை பெய்து ஓய்ந்த மேடை. கிட்டாரைத் தொட்டதும் கரண்ட் அடித்து உச்சிமாகாளி செத்துப்போனான். இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, கசிகிற கரண்ட் மண்ணுக்குள் போய்விட எர்த் வயர் கட்டிவிட்டுத்தான் இப்ராஹீம் லைன் கொடுப்பான். அன்றும் கட்டினான். ஆனால் சாவுக்குப் பிறகு பார்த்தால் வயர் கழன்று கிடந்தது. பழி முழுக்க அவன் தலையில் விழுந்தது. அதற்கப்புறம் ஒரு சடங்கு வீட்டுக்காரர்கூட அவனைக் கூப்பிடவில்லை. பிடுங்கியது துரைப்பாண்டிதான் என்று அவன் மனசுக்குத் தெரியும். சாட்சி இல்லையே, என்ன செய்வான்?

உச்சிமாகாளிக்கு நினைவுக் கச்சேரி என்று இளவட்டங்கள் ஏற்பாடு செய்தபோது, என் கூட்டாளிக்கு நான்தான் மைக் கட்டுவேன் என்று இப்ராஹீம் போய் நின்றான். சட்டைப் பையில் கட்டிங் பிளேயர். துரைப்பாண்டி மைக்கைப் பிடிக்கிற நேரம் எர்த்தை வெட்டுவது. அவர் செய்ததை அவருக்கே செய்வது. அப்படிக் கொதித்துப்போய்த்தான் வந்திருந்தான்.

ஒன்பதரை மணிக்குத் துரைப்பாண்டி வந்தார். செருப்போடு மேடை ஏறினார். எந்தப் பாட்டுக்காரனும் அப்படி ஏறமாட்டான். செருப்பைக் கழற்றி, பலகையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவான். அந்தப் புழுக்கத்தில் அவர் முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. மைக்கைக் கொடுக்கும்போது இப்ராஹீமின் விரல் அவர் கையில் பட்டது. ஐஸ்...

"மேலுக்கு சொகமில்லையா, அண்ணாச்சி?"

அவர் கண் இமைக்கவில்லை.

மாலை போட்டு நாற்காலியில் சாய்த்திருந்த உச்சிமாகாளியின் கிட்டாரை அவர் எடுத்தார். துரைப்பாண்டிக்குக் கிட்டாரைப் பிடிக்கக்கூடத் தெரியாது. அன்றைக்கு வாசித்தார். இடக்கையால்...

சக்... சக்... சக்...

கூட்டம் குதித்தது. டிரம்ஸ்காரன் கை தானாக ஓடியது. இப்ராஹீம் மட்டும் மேடைக்குப் பின்னால் ஓடினான்.

கிட்டார் வயர் ஆம்ப்ளிபயரில் சொருகவே இல்லை. சுருட்டினபடி தரையில் கிடந்தது.

ஸ்பீக்கரில் சத்தம் வந்துகொண்டே இருந்தது...

பையில் இருந்த பிளேயரை எடுத்தான். அது நழுவிக் கீழே விழுந்தது.

சத்தம் நின்றது.

துரைப்பாண்டி மைக்கில் பேசினார்.

"எர்த் வயர நாந்தான் புடுங்குனேன். இப்ராஹீமு ஒழுங்காத்தான் கட்டியிருந்தான்."

குதித்தவர்கள் மேடையை நெருங்கினார்கள்.

"உச்சி கெடந்து துடிச்சான். பாத்துக்கிட்டே நின்னேன்."

விழுந்தார்.

இப்ராஹீம் அழுதான். ஒரு வருடம் சுமந்த பழி எல்லார் காதும் கேட்க இறங்கிவிட்டது. நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னான். பிறகுதான் மற்றவர்களோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கினான்.

டாக்டர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். கரண்ட் அடித்ததுபோல் கருகியிருந்தது. முழங்கையை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை, கட்டையாக விறைத்திருந்தது.

இவ்வளவு நேரம் எங்கே வைத்திருந்தீர்கள் என்று அதட்டினார். இப்போதுதான், மேடையில் வாசித்துவிட்டு விழுந்தார் என்றான் இப்ராஹீம்.

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாசிச்சாரா? இவர் மத்தியானமே செத்துட்டாருய்யா."