பெரியத்தாவின் எண்ணெய் பாட்டில்

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, பென்னலூர் வீட்டுக் கதவைத் திறந்ததுமே அந்த வாடை மூக்கில் ஏறியது. கருஞ்சீரக எண்ணெய். பெரியத்தா வந்திருக்கிறார். என் மகனுக்குச் சுன்னத் செய்து ஒரு வாரம் ஆகிறது, வீக்கம் இன்னும் வற்றவில்லை.

எனக்குச் செய்தபோதும் இதே வாடைதான். துணி புண்ணில் உரசாமலிருக்க, கைலியின் நடுவில் கயிறு கட்டி ஃபேன் கொக்கியில் தொங்கவிட்டிருந்தார்கள். "வீக்கம் மெதுவாத்தான் வத்தும், எதையும் போடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரியத்தா கேட்பாரா? தினமும் அஸர் தொழுதுவிட்டு வந்து, எண்ணெயைச் சுடவைத்துப் பஞ்சில் நனைத்துக் கட்டுவார். நெருப்பாக எரியும். வீக்கம் கூடிக்கொண்டேதான் போனது. அத்தா தன் அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பெரியவங்க செய்றாங்க, பொறுத்துக்கடா" என்பார் என்னிடம்.

அப்புறம் பெரியத்தா ஒரு கல்யாணத்துக்கு ஆம்பூர் போனார். திரும்பி வருவதற்குள் வீக்கம் வற்றிவிட்டது. வந்து பார்த்துவிட்டு, "எண்ணெ நல்லா கேட்டுச்சு பாத்தியா" என்றார்.

இப்போது என் மகனின் கட்டிலோரம் உட்கார்ந்து பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மூடுங்க பெரியத்தா. டாக்டர் ஒண்ணும் போட வேணாம்னுட்டாரு."

"டாக்டருக்கு இன்னா தெரியும்? உனக்கு நான்தானே ஆத்துனேன்."

"நீங்க ஆம்பூர் போனதாலதான் ஆறிச்சு."

அவர் முகம் சுருங்கிப்போனது. மூலை நாற்காலியிலிருந்து அத்தா முனகினார். "டேய், பெரியவங்கடா."

பாட்டிலை வாங்கி அத்தாவின் மடியில் வைத்தேன்.

"இந்தத் தடவை நீங்க பொறுத்துக்குங்க அத்தா."