ஒட்டிக்கொண்ட உடை

ஐந்தாவதோடு நின்றவள் நான். கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு. மன்னியுங்கள்.

கனடாவில் இருக்கும் என் மகள், குளிர்ந்த ஏரியில் ஸ்கூபா டைவிங் கற்கச் சேர்ந்தாள். அதற்கான ரப்பர் உடையைக் கடையில் போட்டுப் பார்த்து, வீடியோ காலில் காட்டினாள்.

“இன்னாம்மா இது, இப்படி ஒட்டிக்கினு இருக்குது! நம்ம ஊரு பிள்ளையார்பாளையத்துல பாத்தா சிரிப்பாங்க. லூசா வாங்கு” என்றேன்.

“தண்ணிக்குள்ள மீனுதாம்மா பாக்கும்” என்றாள். ஆனாலும் எனக்காகப் பெரிய அளவே வாங்கினாள்.

இறுக்கமாக இருந்தால்தான் உள்ளே புகும் கொஞ்சம் தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகுமாம். தொளதொள உடையோடு ஏரியில் இறங்கிய இவளுக்கோ ஐஸ் தண்ணீர் புகுந்துகொண்டே இருந்தது. நாக்குக் குழறிய பிறகுதான் கரையேற்றினார்கள். முகம் தெரியாத ஒருத்தி கட்டிப்பிடித்துச் சூடேற்றினாளாம்.

மகளுக்கு விரல்கள் இன்னும் மரத்திருக்கின்றன. மறுபடி இறங்கப் போகிறாள். ஊர்க் கண்ணை நினைத்தேனே தவிர, அவள் குளிரை நினைக்கவில்லை. அந்த உடை எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். நானே அவளிடம் சொல்ல வேண்டும்.