எந்த டி, எந்த பி

என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்த சீனப் பெண்ணையே கட்டிக்கொண்டான். சம்பந்தியம்மா சீனாவில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். கல்யாணத்தில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பேச வழியில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தோம். எனக்குக் கன்னம் வலித்துவிட்டது.

அதன்பிறகு தினமும் மத்தியானம் அவரிடமிருந்து சேதி வரும். "சாப்ட்டீங்களான்னு கேக்கிறாங்கம்மா" என்பான் மகன். பதிலும் அவன்தான் போடுவான். வீடியோவில் முகம் காட்டச் சொன்னால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். ஆனாலும் ஒரு தடவையாவது அவர் எழுத்திலேயே, என் கையால் பதில் போட ஆசை.

ஐந்தாவதோடு நின்றவள் நான். இங்கிலீஷ் எழுத்து மட்டும் தெரியும். செராமிக் பட்டறையில் பியூஸ் கட்டைகளுக்கு முத்திரை குத்திய கை இது. கம்ப்யூட்டரில் சீனச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் சீன எழுத்துகள் வரிசையாக வந்து நிற்குமாம். ஒன்றாம் நம்பரை அழுத்தினால் முதலில் நிற்பது ஏறிக்கொள்ளுமாம். 'வயிறு நிறைந்துவிட்டது' என்பதற்கு மகன் போனில் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன்: டி யூ இசட் ஐ, பி ஏ ஓ, எல் இ.

மறுநாள் அவன் விட்டுப்போன கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"என்னா, சீனாவுக்கு மனு போடுறியா?" என்றார் வீட்டுக்காரர். தட்டி, ஒன்றை அழுத்தி, அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மகன் கூப்பிட்டான். சிரிப்பில் அவனுக்குப் பேச்சே வரவில்லை.

"எம்மா, என்னா அனுப்புன?"

"வயிறு ரொம்பிடுச்சின்னு."

"முயல் ஓடிப்போச்சின்னு போட்டிருக்க. நீ முயல் வளக்கிறியா, புடிச்சிட்டியான்னு அவங்க பதறிப்போயி என்னக் கேக்கிறாங்க."

நோட்டைப் பார்த்தேன். Dயும் Tயும் தமிழில் ஒரே டி. Bயும் Pயும் ஒரே பி. பட்டறையில் நான் குத்திய முத்திரையில் இருந்தவை Tயும் Pயும். விரல் பழகிய இடத்துக்கே போயிருக்கிறது. இனி அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை என்று அவனிடம் சொல்லிக்கொண்டே மூடப் போனேன்.

"மூடாத. விஷயத்த சொன்னேன், சிரிச்சி சிரிச்சி அவங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சாம். நாளைக்கும் நீயே போடணுமாம். இப்ப சரியா எழுதிக்க. வயித்துக்கு டாக்டர் வூட்டு டி, முயலுக்கு டீக்கடை டி. ரொம்பறதுக்கு பஸ்ஸு பி, ஓடறதுக்கு போலீஸு பி."

எழுதிக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் வந்த சேதியில் சாப்பாட்டுப் பேச்சே இல்லை. "முயல் கிடைத்ததா?" என்றுதான் இருந்ததாம். மகனிடம் கேட்டுக்கொண்டு, "இன்னும் இல்லை, வயிறு நிறைந்துவிட்டது" என்று போட்டேன். அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். இப்படியே ஒரு மாதம் ஓடியது.

போன வாரம் பழைய பட்டறைக்குப் போய், பொம்மை போடுகிறவர்களிடம் கேட்டு ஒரு வெள்ளைப் பீங்கான் முயல் வாங்கி வந்தேன். அதைச் சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்து, டீக்கடை டியைத் தேடித் தட்டினேன்: முயல் வந்துவிட்டது.

உடனே பதில் வந்தது. மகனைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதமாகப் பார்த்துப் பார்த்து அந்த எழுத்துகளின் முகம் எனக்குப் பழகியிருந்தது.

முயலுக்கு வயிறு நிறைந்ததா என்று கேட்டிருந்தார்.