பட்டுப் பெட்டியும் ஐஸ் பெட்டியும்

ஒரு விடுகதை. கோடிக்கணக்கான குடித்தனக்காரர்கள், ஒருவரும் கண்ணில் பட மாட்டார்கள். நாம் சாப்பிட்டால்தான் அவர்களுக்கும் சாப்பாடு. அந்த வீடு எது?

நம் குடல். குடித்தனக்காரர்கள், பாக்டீரியாக்கள். ஓர் ஆராய்ச்சிக்காகக் காஞ்சிபுரத்தில் வீடு வீடாகப் போய், அவர்களோடு சேர்த்து மலத்தை வாங்கி வருவது என் வேலை. முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். மீட்டர் பார்க்கவோ கணக்கெடுக்கவோ போய், மூடிய கதவுகளின் முன்னால் நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

இருபது வருஷப் பகை

வேலு பட்டு நெய்பவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சன் நோய் வந்து வலது கை ஆடுகிறது. தறிக்குழிக்குள் கால்களை விட்டு உட்கார்ந்தபடியே என் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மலச்சிக்கல் உண்டா என்று கேட்டதும் அவர் மனைவி செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "கை நடுங்குதுன்னா வயித்த நோண்டிக்கினு இருக்கியேக்கா?"

சொன்னேன். பலருக்குக் கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே குடல் மந்தமாகிவிடுகிறது. நாம் தின்பதைத் தின்று பாக்டீரியாக்கள் சில பொருள்களை வெளிவிடுகின்றன. அவை ரத்தம் வழியாகவோ நரம்பு வழியாகவோ மூளையைத் தொடலாம் என்று சந்தேகம். குடலால் நோயா, நோயால் குடல் கெடுகிறதா, இன்னும் தெரியாது. அதைப் பார்க்கத்தான் ஒரே சமையலைச் சாப்பிடும் இருவரிடம், நோயாளியிடமும் மனைவியிடமும், மாதம் ஒரு முறையாக மூன்று முறை வாங்குகிறோம். ஒரு முறை தவறினாலும் மற்றவை வீண்.

வேலு சிரித்தார். "கை போன வருஷந்தான் எதிரியாச்சு மேடம். வயிறு இருபது வருஷமா எதிரி. எழுதிக்கோங்க."

கடைக்குப் போன பெட்டி

இரண்டாம் முறை, தெருவில் யாரும் பார்க்கக் கூடாதென்று செல்வி, நான் விவரம் எழுதிக் கொடுத்திருந்த சாம்பிள் டப்பாக்களை ஐஸ் பைகளோடு ஒரு சேலை அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டாள். நெய்து முடித்த சேலையை வாங்கப் பட்டுக்கடை ஆள் வந்ததும் அன்று காலைதான். அவன் எடுத்துப்போனது இந்தப் பெட்டியை.

நான் வண்டியில் விரட்டிக்கொண்டு கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, கல்யாணப் பட்டெடுக்க வந்த ஒரு கூட்டத்தின் எதிரில் மேனேஜர் பெட்டியைத் திறந்திருந்தார். டப்பாவின் மேல் எண், தேதி, உள்ளே இருப்பது என்ன என்பது வரை என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. ஐஸ் உருகவில்லை, சாம்பிள் பிழைத்தது. மேனேஜர்தான் வாடிப்போயிருந்தார். "எம்மேல கோவம்னா வேலு நேர்ல வந்து திட்டட்டுமே, இதையா குடுத்தனுப்புவான்?"

எந்த வாசல்?

மூன்றாம் முறைக்குள் கதை தெரு முழுக்கப் பரவிவிட்டது. குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "என்னா செல்வி, இன்னிக்கி என்னா கலர் சேலை?"

செல்வி டப்பாக்களைத் தர மறுத்தாள். பதினோரு வயது மகள் மதியைப் பள்ளிக்கூடத்தில் மூக்கைப் பிடித்துக் காட்டிக் கேலி செய்கிறார்களாம். "உங்க ஆராய்ச்சிக்கு எம்பொண்ணு பேச்சு கேக்கணுமாக்கா?"

தறிக்குழியிலிருந்து வேலு கத்தினார். "வயிறு என்னுது, நோவு என்னுது. ஊரு ஏன் மூக்கப் பொத்துது? குடு, நானே தூக்கிக்கினு போறேன்!" எழுந்து வந்தார். டப்பாக்களை எடுத்து அவரே என் ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியைத் தூக்கினார். ஆடும் கையில் அது நிற்கவில்லை, கீழே வைத்துவிட்டார். பன்னிரண்டு மணிக்குள் ஆய்வகம் சேர வேண்டும். பின்சந்து வழியாக மறைத்து எடுத்துப் போகிறேன் என்றேன்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற மகளைச் செல்வி பார்த்தாள். "பேச்சு கேக்கறவ அவதான். அவளே சொல்லட்டும். பின்னாலயா, முன்னாலயா, இல்ல வேணவே வேணாமா?"

இந்த வேலையில் டப்பாவுக்குள் இருக்கும் நாற்றத்துக்கு மூடி உண்டு, வெளியே இருப்பதற்குத்தான் கிடையாது.

மதி ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக நடந்தாள்.