மாமா கழித்த பூக்கள்

எங்கள் மாமாவுக்கு வலது கையில் ஆறு விரல். செங்கல்பட்டுப் பூக்கடையில் அவர் மாலை கட்டும் வேகத்துக்கு அந்த ஆறாவது விரல்தான் காரணம் என்று நான் பள்ளியில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அவரோ விசேஷத்துக்கு எங்கே போனாலும் அந்தக் கையின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார். ஸ்டைலுக்கு என்று நினைத்தேன்.

கல்லூரியில் தாவரவியல் படித்த சித்தி, காட்டுப் பூ ஒன்றைப் பற்றி எழுதித் திங்கட்கிழமை கொடுக்க வேண்டியிருந்தது. திருக்கழுக்குன்றம் பக்கம் முட்புதர்மேல் படரும் கொடி அது. அதன் சொந்தபந்தமெல்லாம் பனி விழும் ஊர்களில் இருக்கிறதாம். இது மட்டும் எங்கள் வெயிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்துவிட்டது. சித்திக்குக் கால் சுளுக்கிக்கொள்ளவே, மாமா என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்.

என்ன பூ அது! பச்சையும் மஞ்சளுமாக, குச்சி குச்சியாக மெல்லிய இதழ்கள். மாமா தொழில் பழக்கத்தில் பறிக்கும்போதே தரம் பிரித்தார். ஒன்றுபோல் இருந்தவை துணிப்பைக்குள். இதழ் கூடியதும் குறைந்ததும் புதருக்கடியில். வீட்டுக்கு வந்து பெருமையாக நீட்டினார்.

சித்தி தலையில் கைவைத்துக்கொண்டாள். ஒரே கொடியில் பூவுக்குப் பூ இதழ் மாறுவதைப் பற்றித்தான் அவள் எழுதவே போகிறாளாம்.

"கழிசல இன்னாத்துக்குத் தூக்கினு வரணும்?" என்றார் மாமா.

"கழிசல் இல்லண்ணா அது. அந்தப் பூவே அப்டித்தான். ஒன்னு கூடுனாலும் நல்ல பூதான்."

மாமா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் குத்தியிருக்கும் என்று நான் ஊசி தேடப் போனேன். திரும்பி வருவதற்குள் பைக் கிளம்பிவிட்டது. கொடியில் மொட்டுகள்தான் மிச்சம் என்பதால், கழித்ததையெல்லாம் பொறுக்கி, வாழையிலையில் மடித்துக்கொண்டு பொழுது சாயுமுன் வந்துவிட்டார். சித்தி அவற்றைத் தட்டில் பரப்பினாள். வாடியும் வாடாமலும், ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் கிடந்தன. பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை.

அடுத்த ஞாயிறு மாமாவுக்குப் பெண் பார்க்க அச்சரப்பாக்கம் போனோம். அதற்கு முன் போன இடங்கள் எதுவும் அமையவில்லை. வேனிலிருந்து இறங்கும்போது துண்டை சீட்டிலேயே விட்டுவிட்டார். எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"வேணா, உடு," என்றார்.

அந்த வீட்டுப் பெண், இப்போது என் அத்தை, நீட்டிய காபியை மாமா எல்லோரும் பார்க்க வலது கையால் வாங்கிக்கொண்டார். துண்டில் காபி சிந்திவிடும் என்றுதான் வேண்டாம் என்றிருக்கிறார் என நினைத்து, நான் அதைப் பத்திரமாக மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.